வைஃபை ஓடாத லினக்ஸ்: கோளாறும் கூட்டு உழைப்பும்

ஒரு கணினியில் லினக்ஸை நிறுவி முடித்ததும் பெரும்பாலான பாகங்கள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. முரண்டு பிடிப்பவை சிலதான். அவையும் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. வைஃபை பிடிக்காது. ஒலிபெருக்கி பேசாது. கைரேகை உணரி இருப்பதே இயங்குதளத்துக்குத் தெரியாது. மூடிய மடிக்கணினியைத் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கும். பெரும்பாலும் பாகம் பழுதாகி இப்படி நேர்வதில்லை. அதை இயக்கத் தேவையான தகவல் இயங்குதளத்திடம் இல்லாததால் நேர்கிறது.

அந்தத் தகவலைத் தாங்கியிருப்பது டிரைவர் எனப்படும் நிரல். வைஃபை சில்லு ஒன்றில் ஏராளமான பதிவகங்கள் உண்டு. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் வானலைப் பகுதி விழிக்கும், எதை முதலில் எழுத வேண்டும், இரண்டு கட்டளைகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் சில்லைத் தயாரித்தவருக்குத்தான் தெரியும். விண்டோஸுக்கு விற்பனை இருப்பதால் அதற்கான டிரைவரைத் தயாரிப்பாளரே எழுதித் தருகிறார். லினக்ஸுக்கு மூன்று வழிகள் உள்ளன: நிறுவனமே எழுதலாம், அல்லது விவரக் கையேட்டை வெளியிட்டுப் பிறரை எழுத விடலாம், இரண்டும் இல்லையென்றால் வெளியாள் யாராவது தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டும். லினக்ஸின் வன்பொருள் வரலாற்றில் கணிசமான பகுதி மூன்றாவது வழியில் நடந்தது.

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று தமது புதிய இயங்குதளத்தை அறிவித்தபோது, தம்மிடம் இருக்கும் ஏடி வகை வன்தட்டைத் தவிர வேறெதிலும் அது ஓடப்போவதில்லை என்றே எழுதினார். இன்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூல நிரல் மூன்று கோடி வரிகளுக்கும் மேல். அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள். ஒருவர் மேசைமேல் இருந்த ஒரு கணினிக்காக எழுதியது, தத்தம் கணினியில் ஓடவில்லையே என்று கவலைப்பட்டவர்களால் இந்த அளவுக்கு வளர்ந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வேர்களில் ஒன்றும் ஒரு வன்பொருள் கோளாறுதான். 1980 வாக்கில் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி அதன் நிரலைத் திருத்த அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983-ல் அவர் அறிவித்த குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தின் பின்னணியில் அந்த மறுப்பும் இருந்தது.

டிரைவர் தன் கருவியை அடையாளம் காணும் முறை எளிமையானது. பிசிஐ, யுஎஸ்பி வழியாக இணையும் ஒவ்வொரு கருவியும் இரண்டு எண்களைச் சொல்லும்: ஒன்று தயாரிப்பாளரைக் குறிக்கும், மற்றது மாதிரியைக் குறிக்கும். ஏஎம்டி வரைவியல் சில்லுகளின் தயாரிப்பாளர் எண் 1002. இன்டெல்லின் எண் 8086. அந்நிறுவனம் 1978-ல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரையே எண்ணாக வாங்கிக்கொண்டார்கள், பொறியாளர்களின் குறும்பு. ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலை வைத்திருக்கும். கருவி சொல்லும் எண் பட்டியலில் இருந்தால் டிரைவர் அதைப் பொறுப்பேற்கும். இல்லாவிட்டால் கருவி அனாதையாகக் கிடக்கும். எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளைகள் இந்த எண்களைத் திரையில் காட்டுகின்றன. எண்ணுக்கு எதிரே தோன்றும் பெயர்கள், பயனர்கள் தங்கள் கணினியில் கண்டதை அனுப்பி அனுப்பி வளர்த்த பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. பழைய சில்லையே புதிய எண்ணோடு விற்கும் வழக்கம் தயாரிப்பாளர்களிடம் உண்டு. அப்போது பட்டியலில் ஓர் எண்ணைச் சேர்த்தாலே கருவி ஓடிவிடும். லினக்ஸ் உலகில் ஒருவர் அனுப்பும் முதல் திருத்தம் பலமுறை இப்படிப்பட்டதாகவே இருக்கிறது.

டிரைவர் இருந்தும் கருவி ஓடாமல் போனால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபர்ம்வேர். வைஃபை, புளூடூத், வரைவியல் சில்லுகளுக்குள் சிறு செயலிகள் இருக்கின்றன. கணினி தொடங்கும்போது அவற்றுக்கென ஒரு கோப்பு ஏற்றப்பட வேண்டும். இந்தக் கோப்புகளை நிறுவனங்கள் பெரும்பாலும் மூல நிரல் இல்லாமல்தான் தருகின்றன. கட்டற்ற மென்பொருள் மட்டுமே வேண்டும் என்ற கொள்கையால் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் நெடுங்காலம் இவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. நிறுவத் தொடங்கியதும் வைஃபை ஃபர்ம்வேர் இல்லை என்று செய்தி வரும்; அதை இணையத்திலிருந்து இறக்க அதே வைஃபை வேண்டும். இந்தச் சுழலில் சிக்கித் திரும்பிப் போன புதியவர்கள் ஏராளம். 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி விதியை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் தேவையான ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே கிடைக்கிறது. கொள்கைக்கு இது இழப்பு என்று வருந்துவோர் இன்றும் உண்டு. ஆனால் பயனரை வாசலிலேயே திருப்பி அனுப்பிய விதி கொள்கையை வளர்த்ததாகச் சொல்ல முடியாது.

தயாரிப்பாளர் எதுவுமே தராதபோது என்ன செய்வது என்பதற்குப் பிராட்காம் வைஃபை சில்லு தெளிவான சான்று. 2000-களின் நடுவில் பல மடிக்கணினிகளில் இந்தச் சில்லு இருந்தது. லினக்ஸுக்குக் கட்டற்ற டிரைவரும் இல்லை, கையேடும் இல்லை. தன்னார்வலர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தார்கள். ஓர் அணி பிராட்காமின் மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்து, சில்லு எப்படி இயங்குகிறது என்ற விளக்கத்தை மட்டும் எழுதியது. மற்ற அணி அந்த நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், விளக்கத்தை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. பதிப்புரிமை வழக்கில் மாட்டாமல் இருக்க இந்தப் பிரிவினை அவசியமாக இருந்தது. அவர்களின் டிரைவர் 2006-ல் 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. பிராட்காம் தானே முன்வந்து ஒரு கட்டற்ற டிரைவரை வெளியிட்டது 2010 செப்டம்பரில். நான்கு ஆண்டு இடைவெளியில் எத்தனையோ மடிக்கணினிகள் ஓடியது அந்த இரண்டு அணிகளின் உழைப்பில்தான்.

தொழில்முறை நிரலாளர்கள் மட்டும்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. பிரான்ஸைச் சேர்ந்த ஒரு மருத்துவர் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து 200-க்கும் மேற்பட்ட வெப்கேம் மாதிரிகளுக்கு டிரைவர் எழுதினார். அந்தத் தொகுப்பு 2008-ல் கெர்னலுக்குள் சென்றது. 2007-ல் கெர்னல் நிரலாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் நிறுவனங்களுக்கு ஒரு பகிரங்க அழைப்பு விடுத்தார்: கையேட்டையும் பேச ஒரு பொறியாளரையும் தாருங்கள், டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம். அதே ஆண்டு ஏஎம்டி தன் வரைவியல் சில்லுகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா தன் கெர்னல் டிரைவரின் மூல நிரலைத் திறந்தது 2022 மே மாதத்தில். அதற்குள் அந்தச் சில்லுகளுக்காகத் தன்னார்வலர்கள் உருவாக்கிய நூவோ டிரைவர் கெர்னலில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துவிட்டது.

டிரைவரும் ஃபர்ம்வேரும் இருந்தும் ஒலி வராத மடிக்கணினிகள் வேறொரு வகை. பயனர்களின் உதவி இல்லாமல் தீரவே தீராத வகையும் இதுதான். மடிக்கணினியின் ஒலிச் சில்லில் பல முனைகள் உண்டு. எந்த முனையில் ஒலிபெருக்கி, எதில் ஹெட்போன், எதில் மைக் என்பதை மடிக்கணினியை வடிவமைக்கும் நிறுவனம் தன் விருப்பப்படி தீர்மானிக்கிறது. இந்த இணைப்பு விவரத்தை பயாஸ் சரியாகச் சொல்ல வேண்டும். பல மாதிரிகளில் தவறாகச் சொல்கிறது. விண்டோஸ் டிரைவர் அந்தத் தவறை உள்ளுக்குள் திருத்திக்கொள்வதால் விற்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. லினக்ஸ் பயாஸ் சொன்னதை நம்பி, ஒலிபெருக்கியே இல்லாத முனைக்குப் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதற்காகவே கெர்னலில் ஒரு விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது. இந்த நிறுவனத்தின் இந்த மாதிரி என்றால் இந்த முனையை இப்படி மாற்று என்று மாதிரிக்கு ஒரு வரி. ரியல்டெக் ஒலிச் சில்லுகளுக்கு மட்டும் நூற்றுக்கணக்கான வரிகள் சேர்ந்துள்ளன. சந்தையில் உள்ள எல்லா மடிக்கணினிகளையும் எந்த நிரலாளராலும் வாங்கிச் சோதிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்த மடிக்கணினியைக் கையில் வைத்திருந்த ஒருவர் இருக்கிறார். அவர் ஒலி வரவில்லை என்கிறார். உதவ வந்தவர் லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் தகவல் நிரலை ஓட்டி வெளியீட்டை அனுப்பச் சொல்கிறார். அதைப் பார்த்து, ஏறத்தாழ அதேபோன்ற மாதிரிக்கு எழுதிய திருத்தத்தை முயன்று பார்க்கும்படி ஒரு கட்டளை தருகிறார். முதல் முயற்சியில் ஹெட்போன் மட்டும் பேசும். அடுத்ததில் ஒலிபெருக்கி பேசும், மைக் போய்விடும். பல சுற்றுகள் கழித்து எல்லாம் சரியானதும் அந்த வரி ஒலிப் பிரிவின் பராமரிப்பாளருக்குப் போகிறது. திருத்தத்தின் குறிப்பில் புகார் சொன்னவர் பெயரும் சோதித்தவர் பெயரும் நிரந்தரமாகப் பதிகின்றன. அதன்பின் அதே மாதிரியை உலகில் யார் வாங்கி லினக்ஸ் போட்டாலும் ஒலி முதல் நாளே வரும். தீர்த்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. லினக்ஸ் சமூக உதவியின் உச்சம் இதுதான்: ஒருவருக்குச் சொன்ன பதில் எல்லோருக்குமான நிரலாக மாறிவிடுகிறது.

நேற்றுவரை ஓடிய கருவி புதிய கெர்னலில் ஓடாமல் போவதும் உண்டு. ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் கடுமையானவர். உடைத்த மாற்றம் எதுவென்று தெரிந்தால் பெரும்பாலும் திருத்தப்படும், அல்லது திரும்பப் பெறப்படும். தெரிந்தால் என்பதுதான் சிக்கல். ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் இருக்கும். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் பைசெக்ட் வசதி இங்கே கைகொடுக்கிறது. ஓடிய பதிப்புக்கும் ஓடாத பதிப்புக்கும் நடுவில் உள்ள கெர்னலைத் தொகுத்துச் சோதித்தால், கோளாறு முதல் பாதியில் நுழைந்ததா, அடுத்த பாதியிலா என்று தெரிந்துவிடும். மிஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்க வேண்டும். 2-ஐ 14 முறை பெருக்கினால் 16,384 வருவதால், பத்தாயிரத்துச் சொச்சம் மாற்றங்களில் குற்றவாளியைப் பிடிக்கப் பதினான்கு சோதனை போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கெர்னலைத் தொகுக்கும் பொறுமையும், கோளாறு காட்டும் கணினியும் வேண்டும். இரண்டாவது இருப்பது பயனரிடம் மட்டுமே என்பதால் அவர் இல்லாமல் இந்தச் சோதனை நடக்காது.

எல்லாச் சிக்கலையும் ஒவ்வொரு மாதிரியாகத் தீர்க்க வேண்டிய நிலை மெல்ல மாறிவருகிறது. யுஎஸ்பி வெப்கேம்களுக்குப் பொதுத் தரம் வந்தபின் ஒரே டிரைவர் பெரும்பாலான கேமராக்களை ஓட்டுகிறது. கைப்பேசியிலிருந்து அச்சிடும் தேவை வந்ததால், டிரைவர் இல்லாமலே அச்சிடும் தரங்களை அச்சுப்பொறி நிறுவனங்கள் ஏற்றன. லினக்ஸுக்காக யாரும் செய்யாத இந்த வேலையால் லினக்ஸும் பயனடைந்தது. கைரேகை உணரிகளில் இப்படி ஒரு பொதுத் தரம் இல்லை. அதனால்தான் அவை இன்னும் தொல்லை தருகின்றன.

உதவி பலிப்பது கேள்வி கேட்கப்படும் விதத்தைப் பொறுத்தது. வைஃபை ஓடவில்லை என்ற புகாரை வைத்து எவராலும் எதுவும் செய்ய முடியாது. மடிக்கணினியின் மாதிரி, வழங்கலின் பெயரும் பதிப்பும், கெர்னல் பதிப்பு, எல்எஸ்பிசிஐ காட்டும் எண்கள், கெர்னல் பதிவேட்டில் அந்தக் கருவியைப் பற்றி வரும் பிழைச் செய்திகள் ஆகியவை இருந்தால் அனுபவசாலி ஒருவர் சில நிமிடங்களில் காரணத்தை நெருங்கிவிடுவார். முன்பு எப்போதாவது ஓடியதா, எதை மாற்றியபின் நின்றது என்பதும் முக்கியம். உதவுவோருக்கும் ஒரு கடமை உண்டு. காரணம் சொல்லாமல் நிர்வாகி உரிமையோடு ஓட்ட வேண்டிய கட்டளைகளை அடுக்கினால் புதியவர் எதையும் கற்பதில்லை. சில நேரம் ஓடிக்கொண்டிருந்ததும் கெடும். முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வா என்ற பதில் லினக்ஸ் உலகின் பழைய நோய். மடிக்கணினியை விண்டோஸுக்கே திருப்பிக் கொண்டுபோகும் வேலையை அந்த ஒரு வாக்கியம் கச்சிதமாகச் செய்யும்.

நேரில் உதவும் வழக்கமும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால் உட்கார்ந்து லினக்ஸ் நிறுவித் தரும் கூட்டங்களை உலகெங்கும் பயனர் குழுக்கள் நடத்தின. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் நெடுங்காலம் மாதந்தோறும் கூடியது; காஞ்சிபுரத்திலும் ஒரு குழு செயல்படுகிறது; கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வருகிறது. நிறுவும் முன்பே சோதிக்கும் வசதியைப் பரவலாக்கியது, ஜெர்மானியரான கிளவுஸ் க்னோப்பர் 2000-ல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ். வன்தட்டைத் தொடாமல் குறுவட்டிலிருந்தே முழு லினக்ஸும் ஓடி, பாகங்களைத் தானே கண்டறிந்தது. இன்று அந்த வேலையைப் பென்டிரைவ் செய்கிறது. அரை மணி நேரம் ஓட்டினால் வைஃபை, ஒலி, கேமரா, தொடுபலகை, தூக்கத்திலிருந்து விழிப்பது எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

பெரிய அளவில் லினக்ஸுக்கு மாறிய இடங்களைப் பார்த்தால், நிலைத்தவற்றில் உதவிக்கு ஆள் பக்கத்திலேயே இருந்தது தெரிகிறது. பிரெஞ்சு ஜொந்தார்மெரி காவல்படை முதலில் அலுவலக மென்பொருளையும் உலாவியையும் மாற்றிப் பழக்கிவிட்டு, 2008 முதல்தான் உபுண்டு லினக்ஸுக்குப் போனது. பல்லாயிரம் கணினிகள் மாறின. கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் நிலைத்ததற்கு, உரிமக் கட்டணம் மிச்சம் என்பதைவிடப் பெரிய காரணம் ஆசிரியர்களுக்குக் கொடுத்த பயிற்சி. லிட்டில் கைட்ஸ் திட்டத்தில் மாணவர்களும் பள்ளிக் கணினிகளைக் கவனித்துக்கொள்ளப் பழக்கப்படுகிறார்கள். மியூனிக் நகராட்சியின் கதை வேறு. 2003-ல் முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றியபின், 2017-ல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அரசியல் காரணங்கள் பேசப்பட்டன. ஆனால் நகராட்சி கேட்டுவாங்கிய ஆலோசனை அறிக்கையே, கோளாறு வந்தால் யார் பொறுப்பு என்பது துறைகளுக்கிடையே சிதறிக் கிடந்த நிர்வாகத்தைத்தான் பெருஞ்சிக்கலாகக் காட்டியது. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்த்து வழங்கப்பட்டது. ஆனால் இயங்குதளத்தைப் பதிந்து கொடுப்பது மாற்றத்தின் எளிய பாதி. சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் இருப்பதுதான் கடினமான பாதி.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஏறத்தாழ 2017-க்குப் பிந்தைய செயலியையும் கேட்பதால், நன்றாக ஓடும் கணினிகள் ஏராளமாகக் கைவிடப்படும் நிலை வந்தது. இதை முன்னிட்டு கேடிஇ சமூகமும் பிற குழுக்களும் தொடங்கிய எண்ட் ஆஃப் 10 பிரசாரம், அருகில் லினக்ஸ் நிறுவித் தரும் குழுக்களையும் பழுதுபார்ப்புக் கூடங்களையும் தேடிக் கண்டுபிடிக்க உதவுகிறது. இந்தக் கணினிகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. இத்தனை வயதான மடிக்கணினியின் பாகங்களுக்கான எண்கள் பட்டியலில் ஏறி, விதிவிலக்கு வரிகள் எழுதி, பிழைகள் திருத்தி முடிந்திருக்கும். லினக்ஸில் அதிகம் தகராறு செய்வது போன மாதம் கடைக்கு வந்த மாதிரிதான்.

ஆகவே புதிய மடிக்கணினி வாங்குபவர் அதே மாதிரியில் பிறர் பதிந்த சோதனை முடிவுகளை லினக்ஸ் வன்பொருள் தரவுத்தளங்களில் முதலில் பார்ப்பது நல்லது. முக்கியமாக வைஃபை சில்லு யாருடையது என்று. பழைய கணினிக்காரர் ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி ஓட்டிப் பார்த்தாலே போதும். சிக்கல் வந்து, யாரோ உதவித் தீர்ந்தபின் பலரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாதிரி எண்ணையும், எந்தத் திருத்தத்தால் சரியானது என்பதையும் வழங்கலின் பிழைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகட்டும்.